மூடி அண்ணாச்சியின் வெள்ளைக்காரத் துக்கங்கள்

எனக்குத் தெரிந்து இந்தத் துபாயில் மூடி அண்ணாச்சி அளவுக்குத் துக்கம் காத்த மனிதர் கிடையாது. இங்கே பெற்ற தகப்பன் செத்தாலே மூன்று நாள் லீவுக்கு மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணாச்சியோ வருஷத்துக்கு ஏழெட்டுச் சாவுக்குக் குறையாமல் துக்கம் காத்தார். செத்தவர்கள் அத்தனை பேரும் இங்கிலாந்துக்காரர்கள். செத்து நூறு, நூற்றைம்பது வருஷம் ஆனவர்கள். பாக்கெட் வாட்சுக்கு வெள்ளிக் கூடு செய்து பிழைத்தவர்கள். அண்ணாச்சிக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கராமாவில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஆறு பேர் தங்கும் ரூம் எங்களுடையது. நான் திருச்சிக்காரன், ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எனக்கு மேல்கட்டில், அண்ணாச்சிக்குக் கீழ்க்கட்டில். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் "இருக்காவ" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அல் குசைஸில் லேபர் கேம்ப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை. அதன் வாசலோரம் கடைக்காரர் ஒதுக்கிக் கொடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்தார். பேட்டரி, வார், கண்ணாடி என்று நாள் முழுக்கக் கை ஓயாத வேலை.

மூடி என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. யார் கையில் வாட்சைப் பார்த்தாலும் அவருக்கு அதன் பின்மூடியைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஒருமுறை என் மேனேஜர், ஏதோ ஒரு கையெழுத்துக்காக ரூமுக்கு வந்தார். டீ போட்டு எடுத்து வருவதற்குள் அவருடைய வாட்ச் கையை விட்டு இறங்கி, செய்தித்தாள் மேல் குப்புறக் கிடந்தது. மூடி தனியாக, திருகுகள் தனியாக. அண்ணாச்சி கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியின் உள்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, டைம் சரியாத்தான் ஓடுது," என்றார் மேனேஜர் மெதுவாக.

"டைம யாரு சார் கேட்டா," என்றார் அண்ணாச்சி.

எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமெண்ட் வராததற்கு இதுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தேராவில் பழைய சாமான் விற்கும் ஈரானியக் கிழவர் ஒருவர், வெள்ளி பாக்கெட் வாட்சுகளை எங்கெங்கிருந்தோ வாங்கி அண்ணாச்சியிடம் ஓட வைக்கக் கொடுப்பார். அந்த வாட்சுகளின் பின்மூடிக்குள்ளே வெள்ளிக்கு அடையாளமான சிங்கம், ஊர் முத்திரை இவற்றுக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருக்கும். கூடு செய்தவனுடைய இனிஷியல். அதைப் பார்த்ததிலிருந்து அண்ணாச்சிக்குத் தூக்கம் போனது.

"டயல்ல இருக்கது வித்தவன் பேரு தம்பி. உள்ள இருக்கது மெஷின் செஞ்சவன் பேரு. ரெண்டு பேரும் முழுப் பேரையும் ஊரையும் கொட்டை எழுத்துல போட்டுக்கிட்டான். கூடு செஞ்சவன் மட்டும் ரெண்டே ரெண்டு எழுத்து, அதுவும் உள்ளுக்குள்ள. கூடு இல்லாம மெஷினு ஒரு வாரம் தாங்குமா? அவம் யாரு, எவம் பெத்த புள்ளைன்னு ஒருத்தனாவது கேக்க வேண்டாமா?"

கேட்பது என்று முடிவு செய்துவிட்டார். பத்தாம் வகுப்புப் படிப்பு. கீறல் விழுந்த ஒரு போன். அதில் இங்கிலாந்தின் பழைய ஜனத்தொகைக் கணக்கு, சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவு, அடக்கப் பதிவு எல்லாம் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அந்தக் காலத்துப் பாதிரிகளின் கையெழுத்தை வெள்ளைக்காரனே வாசிக்கத் திணறுவான். அண்ணாச்சி வாட்ச் லென்ஸைப் போன் திரைமேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ரூமில் மற்றவர்கள் போனில் சினிமா பார்த்துக்கொண்டிருக்க, இவர் போனில் பிணம் தேடிக்கொண்டிருப்பார்.

இதோடு இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் பின்மூடிக்கு உள்ளே ஊசியால் ஏதாவது குறி கீறி வைப்பது உண்டு. அந்த வாட்ச் திரும்பி வந்தால் தாங்கள் தொட்டதுதானா என்று தெரிய வேண்டுமே. அண்ணாச்சி குறியோடு நிற்கவில்லை. கொண்டுவந்த ஆளின் பேரைக் கேட்டு, இனிஷியல் எழுத்துகளைத் தமிழில் கீறினார். பிளாட்பார வாட்ச் கட்டிய பெங்காலிக்கும் பட்டானுக்கும்கூடத் தமிழ் எழுத்துதான்.

"இதுக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன்.

"செஞ்சவன் பேரு இருக்கு, வித்தவன் பேரு இருக்கு. கெட்டுனவனும் ஒரு ஆளுதான தம்பி," என்றார்.

துக்கம் காத்தார் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். எங்கள் ரூமில் சமையல் முறை வைத்து நடக்கும். ஞாயிற்றுக்கிழமை செல்வத்தின் முறை. புதுக்கோட்டைக்காரன், தண்ணீர் கேன் போடும் வேன் டிரைவர். அவன் வைக்கும் கோழிக் குழம்புக்காகவே பக்கத்து ரூம்காரர்கள் எங்களோடு நல்ல மாதிரி பழகினார்கள். அப்படி ஒரு ஞாயிறு, குழம்பு கொதித்து இறங்கி, எல்லாரும் தட்டோடு உட்கார்ந்த நேரத்தில் அண்ணாச்சி தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேண்டாம்ல. தயிர் இருந்தா குடு."

"ஏண்ணே, உடம்பு சரியில்லையா?"

"ஹென்றி போய்ட்டாம்ல."

செல்வம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "எந்த ஹென்றிண்ணே? ரெண்டாவது மாடி பிலிப்பினோவா? நேத்துகூட லிப்டுல பாத்தனே."

"லண்டன் ஹென்றி. வாட்ச் கூடு செஞ்சவன். இன்னைக்குத்தான் அடக்க ரிஜிஸ்டர் ஆப்புட்டுது."

"எப்பண்ணே செத்தாரு?"

"நூத்தம்பது வருசம் இருக்கும்."

"அப்பத் தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும்ண்ணே. கால் துண்டு எடுத்து வச்சிருக்கேன், சாப்புடுங்க."

"சேதி கெடைச்ச நாள்லேருந்துதாம்ல கணக்கு," என்றார் அண்ணாச்சி. சாஸ்திரத்தில் அப்படி ஒரு விதி இருப்பதால் எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு செல்வம் உஷாராகிவிட்டான். கோழி வாங்கப் போவதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் வந்து நிற்பான். "அண்ணே, இந்த வாரம் யாராச்சும் இழுத்துக்கிட்டுக் கெடக்காங்களா?"

"கோவென்ட்ரில ஒருத்தன் கெடக்கான். கணக்கெடுப்புல கடைசியா எழுபது வயசுன்னு போட்டிருக்கு. தாங்க மாட்டான்."

"செவ்வாக்கெழமை வரைக்கும் அவரத் தேடாம இருங்கண்ணே. ரெண்டு கிலோ சொல்லிப்புட்டேன்."

அமாவாசை வந்தால் பால்கனியில் படையல். வாரிசு இல்லாமல் செத்தவர்களுக்கு யாராவது ஒரு பிடி சோறு வைக்க வேண்டுமாம். காக்கை வந்தால் சரி. கராமாவில் காக்கைக்கு முன்னால் புறா வந்துவிடும். கட்டடத்து வாட்ச்மேன் கீழேயிருந்து கத்துவார், "பாய், கபூத்தர் கோ கானா மத் தோ." புறாவுக்குச் சோறு போடாதே, முனிசிபாலிட்டிக்காரன் வந்தால் என் வேலை போய்விடும் என்பது அவர் கவலை. அண்ணாச்சி மேலேயிருந்து தனக்குத் தெரிந்த ஹிந்தியில் பதில் சொல்வார், "ஏ கபூத்தர் நஹி பாய். லண்டன் கா ஆத்மி." புறா இல்லையாம், லண்டன்காரராம். வாட்ச்மேன் அதற்கப்புறம் எங்கள் ரூமைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் கண்டுபிடித்த வாழ்க்கைகளில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பதிவுக்குப் பதிவு ஒரே கதைதான். ஊதுகுழல் பிடித்துப் பிடித்து நெஞ்சு போனவன், நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் போனவன், பெற்ற ஒன்பதில் ஆறைப் புதைத்தவன், கடைசியில் ஏழைகளை அடைத்துவைக்கும் விடுதியில் போய்ச் செத்தவன். அவர் எல்லாரையும் எழுதி வைத்திருந்த நோட்டில் நல்ல சாவு ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி ஒவ்வொன்றையும் சாப்பாட்டு நேரத்தில், ஊறுகாய் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுத் தயிர்ச் சோற்றைப் பிசைவார். இத்தனை சாவை இவ்வளவு லேசாகச் சொல்லும் ஒரு மனிதனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்குமா என்று நான் சந்தேகப்பட்டதும் உண்டு.

ஹென்றியின் கல்லறை எங்கே என்று கேட்டு இங்கிலாந்தில் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்றார். அவர் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் தட்டினேன். 'மேற்படி டி.ஹெச். என்கிற ஹென்றி, தகப்பனார் பெயர் தாமஸ்' என்று ஆரம்பித்து, நலம், நலமறிய ஆவல் என்பதுவரை ஒன்றையும் விட விடவில்லை. மூன்று மாதம் கழித்து அங்கேயிருந்து ஒரு அம்மாள் பதில் போட்டிருந்தார். ரொம்பத் தன்மையான பதில். ஐயா, எங்கள் ஊரில் தகப்பன் பேரை முன்னால் இனிஷியலாகப் போடும் பழக்கம் இல்லை. முதல் எழுத்துதான் ஆளின் பேர், பின்னால் வருவது குடும்பப் பேர். நீங்கள் தேட வேண்டியது தாமஸின் மகன் ஹென்றியை இல்லை. தாமஸ் ஹாப்ளின் என்று ஒருவர்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷ உழைப்பு. இங்கிலாந்துக்காரனை நம் ஊர் வாக்காளர் பட்டியலில் தேடுகிற மாதிரி தேடியிருக்கிறார். தகப்பன் பேர் முன்னால், தன் பேர் பின்னால். நோட்டில் இருந்த அத்தனை பேரும் தப்பான ஆட்கள்.

"அப்ப அந்த ஹென்றி யாருண்ணே?" என்று செல்வம் கேட்டான்.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "பீப்பாய் செஞ்சவனாம். நாமதான் அவசரத்துல கவனிக்கல."

"ஒரு பீப்பாக்காரனுக்காகவாண்ணே நான் அன்னிக்குக் கால் துண்ட பிரிட்ஜுல வச்சேன்?"

அன்றைக்கு ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நாலு வருசமாச் சோறு வேற எவனுக்கோ போயிருக்கு. உரியவன் பட்டினி கெடந்துருக்கான்," என்றார். மறுநாளே புது நோட்டு வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தாமஸ் ஹாப்ளின் கிடைக்க எட்டு மாதம் ஆனது. இரண்டு கண்ணும் போய், ஏழைகள் விடுதியில் செத்திருக்கிறார். கேட்டு வாங்கிப்போக யாரும் வராததால் அவர்களே புதைத்திருக்கிறார்கள். அடக்கப் பதிவில் பேர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு நம்பர்தான் இருந்தது. விடுதிப் பதிவையும் அடக்கப் பதிவையும் ஒத்துப் பார்த்துத்தான் அது தாமஸ் என்று அண்ணாச்சி நிச்சயம் செய்தார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஊறுகாய் கேட்கிற தொனி இல்லை.

"ஊருல எல்லாரும் அவம் செஞ்ச வாட்ச் கூட்டச் சட்டப்பையில வச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கானுவ தம்பி. அவனுக்கு நம்பரு," என்றார். அன்றைக்கு அவர் தயிரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் நூஹு காக்கா ரூமுக்கு வந்தார். கீழக்கரைக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இங்கே செத்துப்போகிற தமிழர்களின் உடலை ஊருக்கு அனுப்பிவைப்பதைப் பல வருஷமாகத் தன் வேலையோடு வேலையாகச் செய்துவருபவர். அவர் ரூமுக்குள் வந்தால் எல்லாரும் தானாக எழுந்து நின்றுவிடுவோம். அல் குசைஸ் ரோட்டில் ஒருவன் வண்டியில் அடிபட்டுச் செத்து மூன்று வாரமாகிறது. கம்பெனியை விட்டு ஓடிவந்து, விசா இல்லாமல் அங்கங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். கைரேகையை வைத்துப் பாஸ்போர்ட் விவரம் கிடைத்துவிட்டது. பேர் சுப்பையா, தகப்பன் பேர் கருப்பசாமி. முகவரி மட்டும் மதுரையில் ஏதோ லாட்ஜ். ஏஜென்ட் போட்டுக்கொடுத்த முகவரி.

"கூட இருந்த பயலுக முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு ஊரச் சொன்னாங்க," என்றார் காக்கா. "அங்க பஞ்சாயத்து ஆபீசுல பேசுனேன். சுப்பையான்னு ஒரே ஒரு ஆளுதான் இருக்காராம். கூட்டிவந்து போனக் குடுத்தாங்க. வயசான மனுசன். நாந்தான்யா சுப்பையா, உசுரோட நல்லாத்தான இருக்கேன்னு, எங்கேருந்து பேசுறேன்னு சொல்லுறதுக்குள்ள வச்சுப்புட்டாரு. வேற ஊரா, வேற ஆளான்னு ஒண்ணும் வெளங்கல. இன்னும் அஞ்சாறு நாளுல வீட்டாளுக கடுதாசி வரலைன்னா இங்கனயே அடக்கம் பண்ணிருவாங்க. பேருகூட இருக்காது, நம்பருதான்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

செத்தவனின் சாமான்களைப் போலீஸ் படம் எடுத்திருந்தது. ஒரு சீப்பு, ஒரு சாவி, கண்ணாடி நொறுங்கிய ஒரு வாட்ச். அடிபட்டதில் அதன் பின்மூடி கழன்று, தனியாக மல்லாந்து கிடந்தது. அல் குசைஸ் பக்கம் வாட்ச் வேலை பார்க்கிறவர் என்பதால், ஆளைத் தெரியுமா என்று கேட்கத்தான் காக்கா வந்திருந்தார். அண்ணாச்சி லென்ஸை எடுத்து அந்தப் போன் திரைமேல் வைத்தார்.

"இது நான் கீறுனது," என்றார்.

சு.க. என்று இருந்தது. ஆள் யாரென்று அவருக்கு ஞாபகம் இல்லை. பையிலிருந்த கடை நோட்டில் தேடினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேட்டரி மாற்றியது, ஒரே ஒரு தடவை.

"பாஸ்போர்ட்டோட ஒத்துப்போவுதே," என்றார் காக்கா. "சுப்பையா, கருப்பசாமி. சு, க. சரியாத்தான இருக்கு?"

"இல்ல காக்கா." அண்ணாச்சி எழுந்து நின்றார். "அது வெள்ளக்காரன் கணக்கு. நான் கீறுனா முன்னால இருக்கது அப்பன் பேரு. இந்தப் பய எங்கிட்ட பேரு சொன்னது சு. கருப்பசாமி. ஏஜென்டுக்காரன் முன்னுக்குப் பின்ன மாத்தி எழுதித் தொலைச்சிருக்கான். செத்தது சுப்பையா இல்ல. அந்த சுப்பையாவோட மவன்."

ஒரு மனிதன் இத்தனை வருஷம் தன் தகப்பன் பேரில் டூட்டி பார்த்து, தகப்பன் பேரில் திட்டு வாங்கி, தகப்பன் பேரில் செத்துக் கிடக்கிறான். அந்தத் தகப்பனிடமே போன் போட்டு, நீ செத்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறோம்.

காக்கா மறுபடி பஞ்சாயத்து ஆபீஸ்காரருக்குப் போன் போட்டார். அண்ணாச்சி, நான் பேசுதேன் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கிழவரைக் கூட்டிவரக் கால் மணி நேரம் ஆனது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, ஒங்களுக்குக் கருப்பசாமின்னு மவன் உண்டுமா?"

"ஆமாய்யா. மூத்தவன். துபாயிலதான் இருக்கான். ஒரு வருசமாப் போனு இல்ல. நீங்க அங்கேருந்தா பேசுறீக?"

"ஆமா."

"அவன் ஒங்க கூடத்தான் இருக்கானா? அவங்கிட்டச் சித்த போனக் குடுங்களேன்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். லண்டனிலும் கோவென்ட்ரியிலும் செத்தவர்களையெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, இந்த ஒரு சாவைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் கிழவர், அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காக்கா போனை மெல்லப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையைக் குனிந்து பேசுவதுதான் தெரிந்தது. அண்ணாச்சிக்கு நெஞ்சில் ஈரம் உண்டா என்று சந்தேகப்பட்டதற்காக அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன்.

கைநாட்டு வைத்த கடிதம் நாலு நாளில் வந்தது. பெட்டி போகிற அன்றைக்கு அண்ணாச்சி வேலைக்குப் போகவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கார்கோவுக்குப் போனார். அங்கே பெட்டியில் ஒட்டியிருந்த பேர் சுப்பையா. பாஸ்போர்ட்டில் என்ன பேரோ அதுதான் ஒட்டுவார்கள். அண்ணாச்சி மூன்று பாஷையில் சண்டை போட்டார். "பாய், ஏ நாம் அப்பன் கா நாம் ஹை. லடுக்கா கா நாம் கருப்பசாமி. அந்தக் கெழவன் தன் பேரு போட்ட பொட்டிய எப்பிடிவே எறக்குவான்?" கவுன்டரில் இருந்தவர் பொறுமையானவர். கடைசியில் அவரும் "கலாஸ் பாய், அவ்வளவுதான், சிஸ்டம்ல மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்துப் பெட்டியின் மூலையில், மரத்தில், சு. கருப்பசாமி என்று முழுப் பேராகக் கீறினார். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. கவுன்டர்காரர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழவரே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். பஞ்சாயத்துக்காரரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு வைக்காமல் இருந்தார். பிறகு கேட்டார், "எம் மவன் ஒங்க கடைக்கு வந்தானாமே. எப்பிடிய்யா இருந்தான்?"

ஒரே ஒரு தடவை வந்தவன். முகம்கூட ஞாபகமில்லை. ஒரு எழுத்து சந்தேகமாக இருந்தாலும் புது நோட்டில் ஏற்றாத மனிதர் அண்ணாச்சி. அவர் வாயிலிருந்து எப்படித்தான் அப்படி ஒரு பொய் சரளமாக வந்ததோ, தெரியவில்லை.

"ஒவ்வொரு வாரமும் வருவாங்கய்யா," என்றார். "வந்தா டீ குடிக்காமப் போவ மாட்டான். நல்லாச் சிரிப்பான். ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பான்."

அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார். அடுத்த ஞாயிறும் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. அண்ணாச்சியின் கருப்பசாமி வாரா வாரம் வளர்ந்தான். சைட்டில் ஃபோர்மேனை எதிர்த்துப் பேசினான். பொங்கலுக்கு எங்கள் ரூமுக்கு வந்து தேங்காய் துருவிக் கொடுத்தான். செல்வத்தின் கோழிக் குழம்பில் உப்பு கூட என்று சொன்னான். தகப்பனுக்கு ஒரு வாட்ச் பார்த்து வைத்திருந்தான். கிழவர் ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா, அப்பிடியா" என்பார். அது அத்தனையும் பொய் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் கேட்கிறார் என்பதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

தாமஸ் ஹாப்ளினுக்குப் பிறகு புதிதாக யாரும் அந்த நோட்டில் ஏறவில்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். "நேரம் இல்ல தம்பி. அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு யோசிக்கணும்லா," என்றார்.

போன மாதம் அண்ணாச்சிக்குக் காய்ச்சல். தொண்டை அடைத்து, வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஞாயிறு மத்தியானம் சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் எடுத்தேன்.

"அண்ணாச்சி இல்லீகளா?"

"அவருக்கு உடம்பு சரியில்லங்கய்யா, பேச முடியல. நான் அவர் கூட ரூம்ல இருக்கறவன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்களும் எம் மவனப் பாத்திருப்பீகளே," என்றார் கிழவர்.

கட்டிலிலிருந்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்தே பொழுதைக் கழித்தவன் நான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"பாத்திருக்கேங்கய்யா," என்றேன். "போன வாரம் அண்ணாச்சி எதுவரைக்கும் சொன்னாரு?"